வியாழக்கிழமைப் பந்தி

அக்டோபர் 6, திங்கள்

இருபத்திரண்டு வருடமாக டைரி எழுதுகிறேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தத் தேதி, எந்த மண்டபம், எத்தனை நாற்காலி, எத்தனை அண்டா, யார் வீட்டு விசேஷம். வாடகைக்குப் பந்தலும் பாத்திரமும் விடும் என் ‘சென்னியாண்டவர் சாமியானா’ என்றால் சென்னிமலையிலிருந்து பெருந்துறை வரைக்கும் தெரியும். அந்தக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இந்த ஜூன் மாதம் கனடாவுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு விசேஷமும் கையில் இல்லை. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் நடப்பதை எழுதுகிறேன்.

ஊரின் பெயர் வில்லோ பெண்ட். தொள்ளாயிரம் பேர். சுற்றிலும் கோதுமைக் காடு, நடுவில் ஒரு தானியக் கிடங்கு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம். இளசுகள் எல்லாம் பட்டணம் போய்விட்டதால் இல்லத்தில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஊரே கூடிப் பேசி, வெளிநாட்டிலிருந்து குடும்பங்களை வரவழைப்பதென்று முடிவு செய்து, ஏழு பேர் கொண்ட வரவேற்புக் குழு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். தலைவி டோரீன் அம்மாள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வந்து இறங்கிய அன்று வீட்டுச் சாவி, நான்கு கம்பளி, மூன்று பேருக்கும் அளவான கோட்டு எல்லாம் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

என் மனைவி வாணி அந்த இல்லத்தில் நர்ஸ். இங்கிலீஷ் பரீட்சையை நான்கு தரம் எழுதிப் பாஸ் ஆனவள். அவளுக்குத்தான் வேலை, அவளுக்குத்தான் விசா. நானும் மகள் தன்ஷிகாவும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். வேலை அனுமதி அடுத்த ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் குழு, ‘இந்தக் குடும்பம் எங்கள் ஊரோடு ஒட்டிவிட்டது, இங்கேயே இருக்கும்’ என்று கடிதம் கொடுத்தால் நிரந்தரமாகத் தங்க மனுப் போடலாம். கொடுக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாணிக்கு அந்தக் கடிதம் என்றால் உயிர்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலைகளில் ஊர் மண்டபத்தைப் பெருக்க வேண்டும். விசேஷம் முடிந்த மண்டபத்தைப் பெருக்கவென்றே நான்கு ஆள் வைத்திருந்தவன் நான். சரி, அதை விடுவோம்.

அக்டோபர் 10, வெள்ளி

மண்டபக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்கு ஊர்ச் சாப்பாடு. எல்லோரும் வரலாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வரவும்.’

மூன்று தரம் படித்தேன். கதவில் ஒட்டுவதற்குப் பெயர் அழைப்பா? காணாமல் போன நாய்க்கும் பக்கத்துக் கம்பத்தில் இதே மாதிரிதான் ஒட்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு காதுகுத்து என்றால்கூடப் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வந்து, உட்கார்ந்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை இரண்டு கையாலும் கொடுத்து, ‘குடும்பத்தோட முன்னாலயே வந்துரோணும்’ என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் பத்திரிகையை நீட்டினான் என்பதற்காக என் பெரியப்பா சொந்தத் தங்கை மகன் கல்யாணத்துக்கே போகவில்லை. பதினோரு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. சாவுக்குச் சொல்லாமல் போகலாம். சாப்பாட்டுக்குச் சொல்லாமல் போகிறவனுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

இதில் விருந்தாளியே சாப்பாடும் கொண்டு வர வேண்டுமாம். எவனாவது இப்படி விசேஷம் வைத்திருந்தால் பாதியில் பந்தலைப் பிரித்துக்கொண்டு வந்திருப்பேன்.

வாணியிடம் சொன்னேன். “இங்க யாரும் ஊடு ஊடா வந்து கூப்புட மாட்டாங்களாமுங்க. எல்லாரும் அவங்களாத்தான் போறாங்க. குழுக்காரங்க ஏழு பேரும் அங்கதான் இருப்பாங்க. நம்மளும் ஒரு எட்டு போயிட்டு வந்தா என்னங்க?” என்றாள்.

“நேர்ல வந்து கூப்புடட்டும், போலாம். கூப்புடாத எடத்துக்கு என் ஊட்டுல இருந்து ஒரு குஞ்சு போகக்கூடாது.”

“சரிங்க.”

அவள் சரிங்க என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு இருக்காது. நல்ல குணம்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று இங்கே அறுவடை நோம்பி மாதிரி ஒரு பண்டிகை. டோரீன் அம்மாள் பூசணிக்காயில் செய்த பணியாரம் போன்ற ஏதோ ஒன்றைத் தட்டோடு கொண்டுவந்தார். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு டம்ளர் காப்பி குடித்து, வீடே அதிரும்படி சிரித்துப் பேசினார். போகும்போது, “ஒரு வியாழக்கிழமை வாங்களேன், சென்னி,” என்றார்.

எந்த வியாழக்கிழமை? எத்தனை பேர்? நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வாணி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். அங்கேயே நின்று பத்து நிமிடம் பேச்சு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டோரீன் அம்மாள் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, என் ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என்ன அவ்வளவு பேச்சு என்று கேட்டேன்.

“பூசணிக்கா பத்திங்க,” என்றாள் வாணி.

அக்டோபர் 17, வெள்ளி

என்னோடு மண்டபம் பெருக்க வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். இனி அவ்வளவு பெரிய மண்டபத்தையும் நான் ஒருவனே பெருக்க வேண்டும். வந்தவன்தானே, இவன் தலையில் கட்டு என்று நினைத்துவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். இவர்களுக்கு நாற்காலி அடுக்கத் தெரியவில்லை.

பக்கத்துத் தேவாலயத்தில் பத்து மணிக்கு மணி அடிப்பார்கள். இன்று அடிக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

வாணிக்கு இனிமேல் வியாழன்தோறும் மாலையில் கூடுதல் வேலையாம். தன்ஷிகாவும் கூடவே போய் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாளாம். நான் ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

மண்டபத்தில் நீள மேஜைக்கு அடியில் பெருக்கும்போது மஞ்சள் சோற்றுப் பருக்கை கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். கடுகு. கடலைப் பருப்பு. ஒரு கறிவேப்பிலை.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது மைல் தள்ளி ஒரு ஊரில் ஆந்திராக் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. அவர்களை அழைத்திருக்கிறார்கள்! நாற்பது மைல் தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடத் தெரிகிறது, நாலு தெரு தள்ளி இருப்பவனைக் கூப்பிடத் தெரியவில்லை. வயிறு எரிகிறது. இவர்களா நமக்குக் கடிதம் கொடுக்கப் போகிறார்கள்?

வாணியிடம் கொட்டித் தீர்த்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “உடுங்க, உடுங்க,” என்றாள். தன்ஷிகா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பட்டணத்திலிருந்து வாங்கி ஃப்ரீசரில் வைத்த கறிவேப்பிலை மூன்று வாரத்தில் தீர்ந்திருக்கிறது. அதற்கும் திட்டினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

மைனஸ் இருபத்தொன்று.

இந்த ஊர்க்காரர்களின் குணத்தை இன்று எழுதி வைத்துவிட வேண்டும். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். சிரிக்கிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், கிட்டே மட்டும் வருவதில்லை. கடையில் நான் நுழைந்தால் பேச்சுச் சத்தம் குறைகிறது. குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். டோரீன் அம்மாள்கூட இப்போதெல்லாம் வாசற்படியோடு சரி. உள்ளே வாங்க என்றால் வேண்டாம், உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்கிறார். நம் வீட்டுக் காற்று ஆகாது போல.

குழுவில் இருக்கும் வால்ட் என்ற கிழவர் ஒருவர்தான் கொஞ்சம் பரவாயில்லை. எதிர் வரிசையில் ஐந்தாவது வீடு. தினமும் விடிவதற்குள் எங்கள் வாசல் பனியை அள்ளிவிட்டுப் போய்விடுகிறார். பஞ்சாயத்து வேலை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலையில் சாமி கும்பிட்டோம். எங்கள் மூன்று பேருக்கு வாணி ஒரு பெரிய குண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எதற்கு இவ்வளவு என்றேன். இல்லத்துப் பெரியவர்களுக்கு என்றாள். பொங்கலன்றும் கூடுதல் வேலைக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 16, வெள்ளி

மண்டபத்துச் சமையலறையில் ஒரு குண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடியில் எங்கள் பேர் வெட்டியிருந்தது.

பெருக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

இல்லத்திலிருந்து யாராவது அந்தக் குண்டாவை மண்டபத்துக்கு எடுத்துப்போயிருக்கலாம். சின்ன ஊர்தானே. வாணியிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 20, வெள்ளி

எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

மண்டபம் முடித்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வாணி வேலையில், தன்ஷிகா பள்ளிக்கூடத்தில். டோரீன் அம்மாள் வந்து வாசற்படியிலேயே நின்றார். அந்தக் குளிரில் நிற்க வைக்க மனம் வராமல் வற்புறுத்தி உள்ளே கூப்பிட்டேன். கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுவது போல மெதுவாகப் பேசினார்.

“மார்ச் ரெண்டாம் தேதி குழு கூடுது, சென்னி. கடிதம் தயார். ஏழு பேருக்கும் சம்மதம். உங்களைப் பத்தி ஒரு பத்தி இருக்கு. நீங்க படிச்சிட்டு, எழுதினது சரின்னு கையெழுத்து போடணும். அவசரமே இல்ல. வேணும்னா நான் வெளியில நிக்கிறேன்.”

ஏழு பேருக்கும் சம்மதம்! எனக்கு ஒரு நிமிடம் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அந்தப் பத்தி இப்படி இருந்தது:

‘திருமதி கோகிலவாணியும் மகளும் அக்டோபரிலிருந்து ஒரு வியாழக்கிழமைகூடத் தவறாமல் ஊர்ச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவருடைய எலுமிச்சைச் சோற்றுக்கு இப்போது வரிசை நிற்கிறது. அவர் கணவர் மனிதக் கூட்டத்தைக் கண்டால் மூச்சடைக்கும் நோய் உள்ளவர். எனவே அவரை யாரும் நேரில் போய் அழைத்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஊரார் முடிவு செய்து, இன்றுவரை காப்பாற்றி வருகிறோம். அவர் தனியாக வேலை செய்ய ஏற்பாடு செய்தோம். அவர் மண்டபத்தில் இருக்கும் நேரத்தில் தேவாலய மணி அடிப்பதில்லை. தெருவில் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நடக்கிறோம். அவர் வீட்டுப் பனியை வால்ட் ஹென்ரிக்சன் அள்ளுகிறார். இந்தக் குடும்பத்தை எங்கள் ஊர் கைவிடாது.’

நோய் உள்ளவர். நான்.

மறுபடி படித்தேன். அதே எழுத்துகள்தான். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து டோரீன் அம்மாள் எழுந்துவிட்டார். “கூட்டமா தெரியுதா? நான் போயிடட்டுமா?” என்றார். ஒரே ஒரு ஆள் அவர், அதைக் கூட்டம் என்கிறார்! பேனாவை எடுத்தேன், வைத்தேன். வாணி வரட்டும் என்றேன். பூனை நடப்பது போல நடந்து வெளியே போனார்.

நாலரைக்கு வாணி வந்தாள். மேஜைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு என்ன நோவு?” என்றேன்.

கடிதத்தை மடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

“சொல்லு. ரெண்டாயிரம் பேர் பந்தியில நின்னு சோறு போட்டவன் நானு. எனக்குக் கூட்டத்தைக் கண்டா மூச்சடைக்குதா?”

“அன்னைக்கு வாசல்ல வெச்சு டோரீன் கேட்டாங்க. உங்க ஊட்டுக்காரரு ஏன் எங்கயும் வரமாட்டேங்கறாரு, எங்களைப் புடிக்கலையான்னு. நான் என்னங்க சொல்லட்டும்? வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடலைன்னு கோவிச்சுட்டு உக்காந்திருக்கறாருன்னு சொல்லட்டுமா? திமிருன்னா கடுதாசி குடுப்பாங்களா? சீக்குன்னா குடுப்பாங்க. சீக்குன்னு சொன்னேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா உடுவீங்களா? ஒரு குஞ்சு போகக்கூடாதுன்னீங்க. பதினாறு வருசமா சரிங்க, சரிங்கன்னுதான் சொல்லிட்டிருக்கறேன். ஒரே ஒரு நாளு பார்த்துட்டு வந்தரலாம்னு போனனுங்க. போனதும் எனக்கு நாற்காலி இழுத்துப்போட்டு உக்காருன்னாங்க. நம்ம ஊருல எத்தனை பந்தி நடத்துனீங்க, ஒரு நாளாச்சும் நான் முதப் பந்தியில உக்காந்திருக்கறனா? எல்லாம் போனதுக்கப்புறம் அண்டாவை வழிச்சுத்தான தின்னேன்!”

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தன்ஷிகா அறைக்குள்ளிருந்து வந்து, “எல்லாரும் உங்களைப் பத்திக் கேப்பாங்கப்பா. இப்ப எப்படி இருக்காருன்னு. நான் ஒவ்வொரு வாரமும்…” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதாள்.

ஐந்து மாதமாக இந்த டைரியில் நான் எழுதிய ஒவ்வொரு அவமானத்தையும் புரட்டிப் பார்த்தேன். பனி, மணி, எதிர்ப்பக்கம் போனது, பேச்சைக் குறைத்தது. அத்தனையும் எனக்காகச் செய்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை. இன்று வாணியே வந்து உட்கார்ந்தாள். “கையெழுத்துப் போட்டுருங்க. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை,” என்றாள்.

மனுப் போட்டபின் மருத்துவப் பரிசோதனை வரும், அப்போது நோய்க்கு என்ன சீட்டைக் காட்டுவாய் என்றேன். சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள். ஆனால் அதற்கப்புறம்? இந்த ஊரில் உயிரோடு இருக்கும் வரைக்கும் நான் சீக்காளியாகவே நடமாட வேண்டும்.

“நிசத்தைச் சொன்னா என்னையப் பொய்க்காரின்னுதான பேசுவாங்க? அப்புறம் இல்லத்துல எந்தப் பெருசு என் கையில மாத்திரை வாங்கித் திங்கும்?” என்று கேட்டாள்.

சரி, போட்டுவிடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

விடியற்காலையில் பனி அள்ளும் சவல் தரையில் உரசும் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வால்ட் எங்கள் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு வாரு, ஒரு நிறுத்தம். சவலை ஊன்றிக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். திரும்பவும் இரண்டு வாரு. கைப்பிடி தரையில் தட்டிவிடாமல் பார்த்துப் பார்த்து வைத்தார். உள்ளே இருக்கும் நோயாளி எழுந்துவிடக் கூடாதாம்.

நான் பல்கூட விளக்காமல் அப்படியே நின்றேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

நேற்று மாலை நான் மண்டபத்துக்குப் போனேன்.

வாணியும் தன்ஷிகாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தேன். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். சிரிப்பு, பேச்சு, கரண்டிச் சத்தம். என்னைப் பார்த்ததும் அவ்வளவும் நின்றது. யாரோ ஓடிப்போய்ப் பாட்டை அணைத்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள். நடுவில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். வால்ட் ஒரு நாற்காலியைக் கதவோரமாகக் கொண்டுவந்து போட்டு, “கதவு இங்கயே இருக்கு. எப்ப வேணும்னாலும் எழுந்து போயிடலாம்,” என்று காதோடு சொன்னார்.

எனக்கு நிஜமாகவே மூச்சடைத்தது.

மூலையில் வாணி, கையில் கரண்டியோடு. வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நான் அவளைப் பார்க்காமல் பேசினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினேன்.

“எனக்கு நோய் இல்லை. எங்க ஊர்ல வீட்டுக்கு வந்து கூப்பிடாம யாரும் சாப்பிடப் போகமாட்டோம். நீங்க யாரும் வந்து கூப்பிடலை. அதனால நான் வரலை. அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் அந்தக் காரணம் எவ்வளவு சின்னது என்று என் காதிலேயே விழுந்தது. டோரீன் அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப அந்த நோய்ன்னு சொன்னது?” என்றார்.

“நான்தான் வாணியை அப்படிச் சொல்லச் சொன்னேன்.”

“இல்ல,” என்றாள் வாணி. கரண்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “அவருக்கு ஒண்ணும் தெரியாது. போன வாரம்தான் தெரியும். பொய் சொன்னது நான்.”

தன்ஷிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பேசியது வால்ட்தான். “எனக்கு எழுபத்தி நாலு வயசு. உடம்புக்கு ஒண்ணுமில்லாத ஒருத்தனுக்கு நவம்பர்ல இருந்து பனி அள்ளியிருக்கேன்.” கத்தவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குப் போட்ட நாற்காலியைத் தாண்டி வெளியே போய்விட்டார். டோரீன் அம்மாள் மேஜைமேல் இருந்த ஒரு உறையை எடுத்து மெதுவாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அது எங்கள் கடிதத்தின் இன்னொரு பிரதி, குழுவுக்கென்று வைத்திருந்தது.

நாங்கள் மூன்று பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். யாரும் தடுக்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

குழுவில் வேண்டாம் என்று நாலு பேர், கொடுக்கலாம் என்று மூன்று பேர். கடிதம் இல்லை.

டோரீன் அம்மாள் ஃபோனில்தான் சொன்னார். மே பதினொன்றில் இன்னொரு தரம் பார்ப்பார்களாம். அதற்குள் ஏதாவது மாறினால் மாறலாம், நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஜூன் முப்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கும் தெரியும்.

இல்லத்தில் ஒரு பெரியவர் இன்று வாணி நீட்டிய மாத்திரையைப் பார்த்துவிட்டு, வேறு நர்ஸைக் கூப்பிடச் சொன்னாராம். சொல்லும்போது அவள் அழவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நேற்று வியாழன். வாணி போகவில்லை. “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க போறது?” என்றாள். நானும் போகவில்லை.

இன்று பத்து மணிக்குத் தேவாலய மணி அடித்தது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். அவ்வளவு சத்தம். தெருவில் இப்போது யாரும் எதிர்ப்பக்கம் போவதில்லை. கடை வாசலில் ஒருவர் தோளில் இடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நல்ல உடம்புக்காரனுக்கு இந்த ஊரில் இதுதான் மரியாதை போல. கோபப்படலாம் என்று பார்த்தேன், கோபம் வரவில்லை.

மார்ச் 7, சனி

விடியும்போது கதவைத் திறந்தால் முழங்கால் வரைக்கும் பனி. இந்தக் குளிர்காலம் முழுக்க என் வாசலில் நான் பார்க்காத காட்சி. கடையில் வாங்கியபடி மூலையில் சாத்தி வைத்திருந்த சவலை எடுத்தேன். எங்கள் வாசலை அள்ளி முடிக்க முக்கால் மணி ஆயிற்று. இடுப்பு விட்டுப்போய்விட்டது. நான்கு மாதம் இதைச் செய்த மனிதரின் வயதை நினைத்தேன்.

பிறகு சவலைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் வரிசையில் ஐந்தாவது வீட்டுக்குப் போனேன். பாதையில் பாதி அள்ளியிருப்பேன், கதவு திறந்தது. வால்ட் தோளில் போர்வையோடு நின்றார்.

“உன்னை யார் கூப்பிட்டது?” என்றார்.

“யாரும் கூப்பிடலை,” என்றேன்.

நான் சவலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வேலியோரம் விட்டுட்ட,” என்றார் கடைசியில். சாந்தமாகச் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னார்.

வேலியோரம் அள்ளப் போனேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், வாணி. வேலைக்குப் போகிற உடுப்பு, மேலே கோட்டு, கையில் தன்ஷிகாவின் சின்னச் சவல். வால்டைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். அவர் உள்ளே போகவில்லை.

நீ எதற்கு வந்தாய் என்பது போல அவளைப் பார்த்தேன்.

“என்னையும் யாரும் கூப்புடலீங்க,” என்று சொல்லிவிட்டு, பாதையின் அடுத்த முனையிலிருந்து அள்ள ஆரம்பித்தாள்.